மழைமானியில் தண்ணீர்

…இல்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார் லவோன், பூஜ்யமாகத்தான் இருக்கும், கோடை பிறந்ததிலிருந்து, போன வாரம் ஒரு நாள் தவிர, தினமும் வானிலை நிலையத்துக்கு அதைத்தானே அனுப்புகிறாய், பெய்யாததும் ஒரு அளவுதான் என்று தீவனக் கடையில் பாடம் வேறு நடத்தினாய், அவர்களும் "என்ன லவோன், மேகம் போன் பண்ணுச்சா?" என்று கேலி பண்ணி ஓய்ந்துவிட்டார்கள்… ஆனால் இது என்ன, மழைமானிக் குழாயின் அடியில் தண்ணீர்! கடவுளே, தண்ணீரேதான், விரல் அகலத்துக்கு நிற்கிறது. அப்படியானால் மாடுகளை விற்கவேண்டாம், அவற்றை ஏற்றிப்போக மத்தியானம் வருகிற லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம், இன்னும் ஒரே ஒரு மழை கிடைத்தால் புல் தலைதூக்கிவிடும், புருஷன் டுவேன் கன்று கன்றாய்ப் பார்த்து வளர்த்த மந்தை… சரி, எப்போது பெய்தது? நேற்றுச் சாயங்காலம் மேற்கே கறுத்தது உண்மை, இடிகூட முழங்கியது, நரைமுடி மாதிரி மேகத்திலிருந்து மழை தொங்கியதையும் பார்த்தாள், ஆனால் அது தரைக்கு வராமலே காற்றில் காய்ந்துபோயிற்றே, ஆசை காட்டி மோசம் பண்ணுவதே இந்த நெப்ராஸ்கா வானத்துக்குப் பிழைப்பு.

குனிந்து பார்த்தாள். புழுதியில் ஒரு துளி விழுந்த வடு இல்லை. அவளுடைய நேற்றைய செருப்புத் தடம் கலையாமல் கிடந்தது, அதன் மேலேயே இன்னொரு தடம், மாட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மழைமானிக் கம்பம் வரைக்கும், இடது காலை இழுத்து இழுத்து… அட பாவி மனுஷா, டுவேன்! கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது, பிறகு அழுகை. லாரியை நினைத்து ராத்திரி நான் விசும்பியதைக் கேட்டிருப்பானோ, காலையில் ஒரு நிமிஷமாவது இவள் சந்தோஷப்படட்டும் என்று ஊற்றினானோ?

"எவ்வளவு இருக்கு?" என்று வீட்டுக் கதவோரம் நின்று கத்தினான் டுவேன்.

"விளையாடாத டுவேன். நீதானே ஊத்துன?"

"நானா? எனக்கென்ன கிறுக்கா? ராத்திரி கூரை மேல சடசடன்னு கொட்டுச்சே! நீ மரக்கட்டையாட்டம் தூங்குனா நான் என்ன பண்றது? இரு, லாரிக்காரன்கிட்ட வரவேணாம்னு சொல்லிட்டு வரேன்."

பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும், சீட்டு விளையாட்டில்கூட மறைக்கத் தெரியாது, ஊருக்கே தெரிந்த சங்கதி. காது சிவக்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பு, எத்தனை மாதமாயிற்று இந்தச் சிரிப்பைப் பார்த்து, அதில் நடிப்பே இல்லையே, அப்படியென்றால் ஊற்றியதே இவனுக்கு நிஜமாகவே ஞாபகம்… வேண்டாம், அதை நினைக்காதே, முதலில் போய்ப் போனைப் பிடுங்கு, லாரி வராவிட்டால் மாடுகள் பட்டினியில் விழும், போ… போன வாரமும் குழாயில் கொஞ்சம் இருந்ததே, ராத்திரி தூறியிருக்கும் என்று தரையைப் பார்க்காமலேயே அளந்து அனுப்பினாளே, அதை நம்பித்தானே அன்றைக்கு வரவேண்டிய லாரியைத் தள்ளிப்போட்டார்கள்… அது மழைதானா?