கேட் மீட்டிங்கில் ரவளி

காலை ஷிப்டுக்கு முன்னால் சுரங்க வாசலில் நடக்கும் கேட் மீட்டிங்கில் யூனியன்காரர்கள் என் மகள் ரவளியின் கையில் மைக்கைக் கொடுத்தபோது நான் கம்பிவேலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் நிலக்கரி ஊரான கோதாவரிகனியில் அந்த மைக்கைப் பிடித்த பெண்பிள்ளை யாரையும் நான் பார்த்ததில்லை. ஹைதராபாத்தில் அவள் படிப்பது பொருளாதாரம். நிலக்கரி போய் சூரிய மின்சாரம் வந்தால் யாருடைய சோறு போகும், சர்க்கார் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காக லீவு முழுக்க சுரங்க ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லைன்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். "கரிச் சோறு தின்னு வளந்துட்டு கரிக்கே பாடை கட்டுறா பாரு" என்று குழாயடியில் என் காதுபடவே பேசினார்கள். நான் சும்மா விடுவேனா? "பாடை கட்டறதுக்கும் படிச்சிருக்கணும்டி, உங்க வீட்ல யாரு இருக்கா?" என்றேன்.

வீட்டுக்குள் எனக்கும் வயிற்றெரிச்சல்தான். என் வீட்டுக்காரர் கொமரய்யாவுக்கு முதுகு போய்விட்டது. கம்பெனி டாக்டர்கள் 'சுரங்கத்துக்கு லாயக்கில்லை' என்று எழுதிவிட்டால் அவர் வேலை பிள்ளைக்கு வரும். எங்கள் ஊரில் சொத்து என்றால் அதுதான். ரவளி சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. "மூடப்போற குழியில எனக்கு எதுக்குப்பா வேலை? நான் படிப்ப முடிக்கணும்" என்றாள். வீட்டில் வேறு சம்பளம் கிடையாது. அவள் மறுத்ததால் ஓய்வு வரைக்கும் இன்னும் இரண்டு வருஷம் இவர் அந்த முதுகோடு இறங்கியாக வேண்டும். அன்றிலிருந்து அப்பனும் மகளும் பேசுவதில்லை.

மைக்கில் அவள் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நேரானது. குழி மூடும்போது முதலில் வெளியே போவது கான்ட்ராக்ட் ஆட்கள்தான் என்றாள். மூடிய பிறகு கொடி பிடித்துப் பயனில்லை, புது மின்சார வேலையில் நம் ஊர் ஆட்களுக்குப் பயிற்சியும் இடமும் இப்போதே கேளுங்கள் என்றாள்.

ஓதெலு எழுந்தான். கான்ட்ராக்ட் ஆள், வாய்த்துடுக்கு. "அப்பன் குடுக்கிற வேலைய வேணாம்னவ, எங்க வேலையப் பத்திப் பேச வந்துட்டியாம்மா? எங்களுக்கெல்லாம் பிள்ளைக்குக் குடுக்க ஒண்ணுமே இல்ல தெரியுமா?"

கூட்டம் சிரித்தது. ரவளி மைக்கைக் கீழே இறக்கினாள்.

பின்வரிசையில் கொமரய்யா எழுந்தார். "ஓதெலு, வேலை என்னுது. ரெண்டு வருஷமும் நானே இறங்கறேன். அது எங்க வீட்டுச் சங்கதி. அவ சொன்ன கணக்கு தப்புன்னா அதச் சொல்லு." பிறகு மகளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க மேடம். கான்ட்ராக்ட் ஆளுக்கு என்னென்ன கேக்கணும்?"

பாவி மனுஷன், வீட்டில் பேசாததை ஊருக்கு முன்னால் பேசுகிறார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஷிப்டுக்குச் சங்கு ஊதிய பிறகும் ஓதெலு நகரவில்லை. "சாயங்காலம் எங்க லைனுக்கு வா, எல்லாரையும் கூட்டி வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நானும் அவளும் நின்றோம். கொமரய்யா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஆட்களைக் குழிக்குள் இறக்கும் கூண்டில் ஏறினார். இறங்கும்போது மேலே பார்க்கிற வழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. அவர் பார்த்தார். கூண்டு தரைக்குக் கீழே போகிறவரை அவருடைய தலைவிளக்கு ரவளியின் முகத்தின் மேலேயே இருந்தது.