தேயாத தட்டு

கிளட்ச் பிளேட்டைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் மெக்கானிக். சாப்பாட்டுத் தட்டளவு இரும்பு. நடுவில் பல் வைத்த ஓட்டை. வீட்டு வாசலில் நின்ற டாக்டரம்மாவின் பழைய டீசல் காரிலிருந்து காலையில்தான் கழற்றியிருந்தார்.

"சார், இது வண்டியோட பொறந்தது. பதினாறு வருஷம். வேற யாரா இருந்தாலும் இதுக்குள்ள நாலு மாத்தியிருப்பாங்க. எப்படித் தேயாம இருக்கு பாருங்க. கிளட்ச்ல அவங்க கால் அவ்வளவு பதம்."

அவன் பார்த்தான். மனைவி இறந்துபோன ஏழு மாதத்தில் ஊரே அவளைப் பற்றி அவனிடம் பேசியிருந்தது. தங்கமானவள், பொறுமைசாலி. எதுவும் உள்ளே இறங்கவில்லை. இது இறங்கியது.

அவள் கால்நடை மருத்துவர். கன்று போடத் திணறும் மாட்டைத் தேடி, சாலை முடிந்த பிறகும் வண்டியை விட்டுக்கொண்டு போவாள். அவன் ஓட்டினால் கார் துள்ளும். "தவளையைப் பிடிச்சு உள்ள போட்டிருக்கியா?" என்பாள். அவள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்த கேலி.

இப்போது கியர்பாக்ஸ் உடைந்து கிடந்தது. அந்த மாடல் வருவது நின்றே பல வருடம். அவளுடைய அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"மாப்ள, இன்னிக்குப் பொருந்துறது கிடைச்சாப் பாப்போம். இல்லைன்னா நாளைக்கு உடைக்கிறவனுக்குக் குடுத்துடலாம். வாசல்ல அது செத்துக் கிடக்கிறதப் பாத்து அம்மாவுக்குச் சோறு இறங்கல."

"சரி மச்சான்."

எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் இந்த ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் கியர்பாக்ஸ் வெளிய பாக்க ஒரே பெட்டிதான் சார்," என்றார் மெக்கானிக். "உள்ள பல்லு வேற. மாத்திப் போட்டா இஞ்சின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி வேகம் பிடிக்காது." பெட்டியின் மேலிருந்த எண் எப்போதோ அழிந்திருந்தது. அதனால் உடைந்த பெட்டியை மேசைமேல் ஏற்றி, கடைசி கியரில் போட்டார். சக்கரத்துக்குப் போகும் இரு முனைகளில் ஒன்றை அவனும் மற்றதை மச்சானும் பிடித்து, ஒன்றுபோலச் சுற்றவிட்டார்கள். மெக்கானிக் இஞ்சின் பக்கத் தண்டை மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியபோது, அவர்கள் பக்கம் சரியாக ஒரு சுற்று வந்தது.

பழைய வண்டிகளை உடைக்கும் யார்டுக்கு மூவரும் போனார்கள். கிளட்ச் பிளேட் அவன் மடியில். செங்கல் அடுக்கின் மேல் இரண்டு பெட்டிகள் இருந்தன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பிளேட் இரண்டின் தண்டிலும் தடங்கலில்லாமல் நுழைந்தது. மெக்கானிக் கடைசி கியரில் போட்டு அதைப் பிடித்துச் சுற்றினார். முன்பக்கச் சக்கர முனையில் சாக்பீஸால் போட்ட கோட்டை அவன் கவனித்தான். கோடு ஒரு சுற்று வர, முதல் பெட்டிக்குப் பிளேட் இரண்டு சுற்று. அடுத்ததற்கு ஒன்றரைகூட இல்லை.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டும் நம்மளுது இல்ல சார்."

மச்சான் பெருமூச்சு விட்டார். "விடு மாப்ள. நாம பாக்காத எடமா? நாளைக்கு வரச் சொல்லிடறேன்." போனை எடுத்தார்.

அவன் வாய்வரை 'சரி' வந்துவிட்டது. அதற்குள் கண் இரண்டாவது பெட்டியின் பின்பக்கம் போனது. அங்கிருந்த மற்றச் சக்கர முனை செங்கலில் முட்டி அசையாமல் நின்றிருந்தது.

முன்பு ஒரு மழைநாளில் அவனும் அவளும் சேற்றில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு சக்கரம் அப்படியே நிற்க, மற்றது வெறிபிடித்ததுபோல் சுற்றியது. பின்னால் தள்ளிய அவன் முகமெல்லாம் சேறு. அவள் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணு நின்னுட்டா அதோட பங்கையும் சேத்து இன்னொண்ணு சுத்தும். ரெண்டு மடங்கு. நீ அந்தப் பக்கமா போய் நிக்கறே!"

"மச்சான், போனை வைங்க."

குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

"அந்தப் பக்கம் நிக்குது. இந்தப் பக்கம் ரெண்டு மடங்கு சுத்துது. அப்ப நம்ம கணக்கு பாதியாத்தான் வரும். மூணுக்குக் கொஞ்சம் கம்மில பாதி என்ன?"

மெக்கானிக் ஒரு கணம் விழித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாவது பெட்டியைச் செங்கலிலிருந்து விலக்கி வைத்தார்கள். முனைக்கு ஒருவராகப் பிடித்து மறுபடி எண்ணினார்கள். மூன்றுக்குச் சற்றுக் குறைவு.

"யாரு சார் சொல்லிக் குடுத்தது?"

"டாக்டரம்மா," என்றான். மனைவி என்றோ அவள் என்றோ சொல்லத் தோன்றவில்லை.

நான்காம் நாள் வண்டி தயாரானது. பெட்டியைப் பூட்டுவதற்கு முன்பே மெக்கானிக் கேட்டிருந்தார். "பிளேட் புதுசாப் போட்டுடலாமா? இனி நீங்கதானே ஓட்டப் போறீங்க. பாவம் சார் இது."

"அதையே போடுங்க."

மச்சான் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அவன் முதல் கியர் போட்டுக் காலை எடுத்தான். கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

"தவளை," என்றார் மச்சான், நேரே பார்த்தபடி. கண் கலங்கியிருந்தது.

அவன் மறுபடி சாவியைத் திருப்பினான். இந்த முறை இடது காலை மெல்ல, இன்னும் மெல்லத் தூக்கினான். எதுவுமே நடக்காதது போலிருந்தது. சக்கரத்துக்கு அடியில் காய்ந்த இலை ஒன்று நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.