ஒன்பதாம் துண்டுக்கு ஒரு மாற்றுக் கணக்கு

நான், நெவில் ஆக்ராய்ட், எழுபத்தெட்டு வயது, மூளைக்கு ஒரு குறையும் இல்லாதவன், கீழே வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று என் முட்டிவலியின் மீது ஆணையிட்டுச் சொல்கிறேன். முட்டிவலி பொய் என்று யாரும் சொல்ல முடியாது. மருத்துவரிடம் காகிதம் இருக்கிறது.

எல்லாம் குதிரைச் சாணியில் ஆரம்பித்தது.

தார்ன்பெக் ஊரில், நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காய்கறி போடக் குத்தகைக்கு விடும் எங்கள் தோட்டச் சங்கத்தில் ஒன்பதாம் துண்டு என்னுடையது. வடக்குக் காற்று படாத மூலை. அதில் இருக்கும் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டுச் செடி இந்த யார்க்‌ஷயர் முழுவதற்கும் பொறாமை தரும். ஒரு தண்டை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனால் ஓட்டுநர் அதற்கும் சீட்டு கிழிப்பார். அதற்கு உரம் போட ஒரு பண்ணைக்காரனிடம் இரண்டு டன் சாணிக்குச் சொல்லி, வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலை வங்கியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், இந்தப் பொருளை வாங்கச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்தினாங்களா?"

"ருபார்ப் வற்புறுத்துச்சும்மா."

"ருபார்ப்ங்கிறவர் உங்களுக்கு இணையத்துல பழக்கமானவரா சார்?"

அவ்வளவுதான். என் பாதுகாப்புக்காக என் கணக்கை முடக்கிவிட்டார்கள். விசாரிக்கப் பத்து வேலைநாள் ஆகுமாம். நான் கத்தினேன். கத்துவது மோசடிக்கு ஆளானவர்களின் அறிகுறி என்று அவள் குறித்துக்கொண்டாள்.

பத்து நாள் பொறுத்திருப்பேன். ஆனால் அடுத்த செவ்வாய் மார்ச் இருபத்தைந்து, லேடி டே. சங்கத்தில் வருடக் குத்தகை கட்டும் நாள். நண்பகல் பன்னிரண்டு அடிப்பதற்குள் கட்டாவிட்டால் துண்டு போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளுக்குப் போய்ச் சேரும். ரொக்கம் வாங்க மாட்டார்கள். குத்தகைதாரர் தன் சொந்தக் கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டும். மனைவி கட்டினால் உள்குத்தகை விட்டதாகக் கணக்கு. இப்படி ஒரு விதியை எழுதிய கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். அப்போது அது வேறு யாருக்கோ என்று நினைத்துவிட்டேன்.

பட்டியலில் முதல் ஆள் டெரிக் ஹின்ச்லிஃப். ஓய்வு பெற்ற அஞ்சல் அதிகாரி. பதினோரு வருடமாகக் காத்திருக்கிறான். ஞாயிறுதோறும் என் வேலிக்கு வெளியே நின்று, தொப்பியைக் கழற்றி, ருபார்பைப் பார்ப்பான். "உங்க உடம்பு எப்படி இருக்கு, நெவில்?" என்று கேட்பான். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் முகம் வாடும்.

"இன்னொரு வங்கியில ஒரு கணக்கு வச்சிருந்தா இந்தக் கூத்து உண்டா?" என்றாள் மனைவி மாரீன், பாத்திரம் துடைத்தபடி. "ஒண்ணு படுத்தா இன்னொண்ணு. நான் முப்பது வருஷமா ரெண்டு வச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியாதே?"

"உனக்குத் தெரிஞ்சா அது மாற்றுக் கணக்கா?"

"புதுக் கணக்குல போட என்கிட்ட காசு ஏது? எல்லாம் அங்க மாட்டிக்கிச்சே."

"அதுக்குத்தான் ஓவர்டிராஃப்ட், மனுஷா. கணக்குல ஒண்ணும் இல்லாமலே எடுத்துக்கலாம், அப்புறம் கட்டலாம். போய்க் கேளு."

எங்கள் ஊரில் இருந்த வங்கிக் கிளைகள் எல்லாம் முடிதிருத்தகங்களாகிவிட்டன. இப்போது என்னுடையது அல்லாத ஒரு வங்கி மட்டும் வண்டியில் வருகிறது. செவ்வாய் பத்திலிருந்து பத்தே முக்கால் வரை, பல்பொருள் அங்காடியின் வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும். லேடி டே அன்று ஒன்பதே முக்காலுக்கே போனேன். ஏற்கெனவே வரிசை. ஆறு பேர். ஏழாவதாக நின்றேன். எனக்குப் பின்னால் வந்து நின்றது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"நல்ல வெயில், இல்லையா?" என்றான் டெரிக். தூறிக்கொண்டிருந்தது.

வண்டி வந்தது. கதவு திறந்தது. வரிசை நகரவில்லை. கால் மணி நேரம் போனது. வரிசையில் நிற்பவர் என்ன ஏது என்று கேட்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. சட்டைப்பையைத் துழாவிப் பெருமூச்சு விடலாம், அதுவே எல்லை. நாங்கள் எட்டுப் பேரும் மாறி மாறிப் பெருமூச்சு விட்டோம். கடைசியில் நாயுடன் நின்ற ஒரு அம்மாள் மானத்தை விட்டு முதல் ஆளிடம் கேட்டாள்.

"ஏங்க, நீங்க உள்ள போகலையா?"

"நானா? எங்க வீட்டுக்காரி கடைக்குள்ள போயிருக்கா. அவளுக்காக நிக்கிறேன்."

ஆக, நாங்கள் ஏழு பேரும் ஒருவனுடைய மனைவிக்காக வரிசையில் நின்றிருந்தோம். அவன் வெட்கப்பட்டு விலகிப் போனான். முதல் ஆள் போனதும் வரிசை செல்லாமல் போய்விட்டது. யார் யாருக்கு முன்னால்?

"நீங்க போங்க," என்றாள் நாயம்மாள்.

"சேச்சே, நீங்க முதல்ல."

மற்றவர்கள் எப்படியோ தீர்த்துக்கொண்டு உள்ளே போய் வந்தார்கள். மீதி நானும் டெரிக்கும். மணி பத்து முப்பத்தைந்து.

"நீங்க போங்க, நெவில்," என்று சொல்லிவிட்டு, படியில் ஒரு காலை வைத்தபடி நின்றான்.

"நன்றி, டெரிக். கொஞ்சம் காலை எடுத்தீங்கன்னா..."

"ஐயோ, மன்னிக்கணும். நான் வழியில நிக்கிறேனா? உங்களைத் தள்ளிட்டு முன்னால வந்ததா நினைச்சுக்கப் போறீங்க."

"நினைக்கலை."

"மனசுல கொஞ்சம் நினைச்சிருப்பீங்க. நான் மன்னிப்பு கேட்டே ஆகணும்."

ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்கும்போது அவனைத் தாண்டிப் போவது எங்கள் பக்கத்தில் கொலைக்கு அடுத்தபடி. அவன் பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டான். 1991இல் என் வீட்டுக்குத் தாமதமாக வந்த ஒரு பொட்டலத்துக்கும் சேர்த்துக் கேட்டான். வண்டி கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டது.

அடுத்த நிறுத்தம் ஆக்ஸ்கில், நான்கு மைல். பதினொன்றிலிருந்து பதினொன்றே முக்கால் வரை. பேருந்தைப் பிடித்தேன். டெரிக்கும் ஏறினான்.

"தனியா எப்படிப் போவீங்க? துணைக்கு வர்றேன்."

வழியில் ஆட்டு மந்தை. நானூறு ஆடுகள். அவையும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. ஆக்ஸ்கில்லில் இறங்கும்போது டெரிக் வாசலை அடைத்துக்கொண்டு ஓட்டுநருக்கு நன்றி சொன்னான். பிறகு அவர் முதுகுவலியை விசாரித்தான். அவருக்கு முதுகுவலி இருந்தது. அதன் சரித்திரம் நீளமானது. நான் பின்பக்கத்து அவசரக் கதவு வழியாகக் குதித்தேன். எழுபத்தெட்டு வயதில். முட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

பதினொன்றரைக்கு வண்டிக்குள் உட்கார்ந்தேன். கேலம் என்று ஒரு வங்கி ஊழியர், தாடிக்காரர், தேநீர் கொடுத்தார். எனக்குப் பிறகு வந்த நாலு பெண்கள் பின்னால் பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்தார்கள், பின்னல் ஊசிகளுடன். வீட்டு முகவரிக்கு அத்தாட்சி கேட்டார் கேலம். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் எல்லாம் மாரீன் பெயரில். என் பெயருக்கு வந்த ஒரே கடிதம், குத்தகை கட்டாவிட்டால் துண்டைப் பிடுங்குவோம் என்ற சங்கத்தின் மிரட்டல். அதையே ஏற்றுக்கொண்டார்.

"இப்ப ஓவர்டிராஃப்ட். இதுவரைக்கும் கடன் ஏதாவது வாங்கியிருக்கீங்களா, சார்?"

"வாழ்நாள்ல ஒரு பைசா வாங்கினதில்லை."

கேலமின் முகம் தொங்கிவிட்டது. "வீட்டுக்கடன்? தவணையில தொலைக்காட்சி? எதுவுமே?"

"எதுவுமே."

"சார், கம்ப்யூட்டர்ல நீங்க பிறந்ததாவே இல்லை. கடனை ஒழுங்காக் கட்டினவங்களுக்குத் தருவோம். கட்டாதவங்களுக்குக்கூட கொஞ்சம் யோசிச்சுத் தருவோம். வாங்காதவங்களுக்கு எப்படித் தர்றது?"

"அப்ப நான் யோக்கியனா இருந்தது தப்பா?"

"தப்புன்னு சொல்லலை சார். ஆதாரம் இல்லைங்கறேன்." திரையைத் தட்டிப் பார்த்தார். "ஒரு வழி இருக்கு. உங்களைப் பத்து வருஷத்துக்கு மேல தெரிஞ்ச, சொந்தக்காரர் அல்லாத, மதிப்பான உத்தியோகத்துல இருந்த ஒருத்தர், நீங்க நம்பிக்கையான ஆள்தான்னு கையெழுத்துப் போடணும். வாத்தியார், பாதிரியார், அஞ்சல் அதிகாரி..."

கதவோரம் டெரிக் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். மணி பதினொன்று நாற்பத்து நான்கு. கதவு சாத்தும் நேரத்துக்கு ஒரே நிமிடம்.

அவனிடம் கெஞ்சியிருந்தால் தொலைந்திருப்பேன். கெஞ்சுகிறவனை மறுப்பது சுலபம். நான் வேறு வழியில் போனேன்.

"டெரிக், உங்களுக்குச் சிரமம்னா விட்டுடுங்க," என்றேன், பெஞ்சுக்குக் கேட்கும்படி. "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

பின்னல் ஊசிகள் நான்கு ஜோடியும் நின்றன.

"சிரமமா?" என்றான். காது சிவந்தது. "சிரமமெல்லாம் என்ன?"

"இல்லை, உங்க நேரத்தை வீணாக்கிட்டேன். நான் போறேன். துண்டு போனாப் போகுது."

"உட்காருங்க, நெவில்."

"வேண்டாம் டெரிக், உண்மையாவே."

"உட்காருய்யா!" என்றான் டெரிக். முப்பது வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் மரியாதைக் குறைவு. உடனே மன்னிப்புக் கேட்டான், ஒரே ஒரு தடவை. பேனாவைத் திறந்தான்.

"பார்த்துட்டே இருக்கேன், பேனா மூடியைத் திறக்கிறதுக்கே இவருக்கு ஒரு யுகம் ஆகுது," என்றாள் பெஞ்சிலிருந்த ஒருத்தி. "போடுங்க ஐயா, எங்களுக்கும் வேலை இருக்கு."

'மேற்படியார் நம்பிக்கையானவர்' என்று எழுதினான். பதினோரு வருடக் காத்திருப்பை ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுத்தான். நல்ல கையெழுத்து, அஞ்சல் முத்திரை மாதிரி வட்டமாக இருந்தது. அந்த நாலு பெண்களுக்காக கேலம் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். அந்த இடைவெளியில் கணக்கு திறந்தது, ஓவர்டிராஃப்ட் கிடைத்தது. என் வாழ்நாளின் முதல் கடன், பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு, சங்கத்துக் கணக்கில் போய் விழுந்தது.

"ரொம்ப சந்தோஷம், நெவில்," என்றான் டெரிக், கை குலுக்கி. "ருபார்ப் நல்லா வரட்டும்."

"அடுத்த வருஷம் பார்ப்போம், டெரிக்."

திரும்பும் பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தோம். இறங்கும்போது நான்தான் முதலில் இறங்கினேன்.

நான் சொன்னது உண்மைதானா என்று பார்க்கச் சங்கத்தின் அறிவிப்புப் பலகைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் ஒன்பதாம் துண்டுக்கு நேரே பதினான்கு வருடமாக இருக்கும் பெயர் டெரிக் ஹின்ச்லிஃப். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் நெவில் ஆக்ராய்ட்.