பத்து மணிக்கு நிற்கும் ஏசி

‘இந்தக் கருவி வேறொரு கணக்கில் உள்ளது’ என்று வீட்டுக்கார அம்மாவின் போன் மூன்றாவது முறையும் சொன்னபோது மெக்கானிக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கணக்கு அவன் சட்டைப்பையில் கிடந்த போனில்தான் இருந்தது.

ஏசியைப் போனிலிருந்தே இயக்கும் இந்த உருண்டை ரிமோட் பெட்டியைப் போன வாரம் மாட்டியவன் அவன். அன்று அம்மா வேலைக்குப் போயிருந்தாள். சரிபார்க்கத் தன் போனில் சேர்த்தவன், அடுத்த வீட்டு அவசரத்தில் அதை நீக்க மறந்துவிட்டான். தன் வீட்டில் மனைவி மின்விசிறியை ஓடவிட்டே வேலைக்குப் போய்விடுவாள் என்று, காலை பத்துக்கு எல்லாம் அணையும்படி அதே போனில் வைத்திருந்தான். இந்த வீட்டுப் பெட்டியும் தினம் பத்துக்கு அதற்குக் கீழ்ப்படிந்திருக்கிறது.

கட்டிலில் வீட்டுக்கார அம்மாவின் அப்பா. கை கால் விழுந்து, பேச்சும் போனவர். முதுகெல்லாம் வேர்க்குரு.

“நான் அந்தாண்ட போனதும் ஏசிய நிறுத்திடறா. இவளுக்குக் குளிருதாம்! ரிமோட்டத் தொடாதேன்னும் சொல்லியாச்சு. போன்ல மாட்டிக் குடுப்பா, ஆபீஸ்லருந்து நானே பாத்துக்கறேன். நாளைக்கு இவளுக்குப் பதிலா வேற ஆளு வருது,” என்றாள் வீட்டுக்கார அம்மா.

அவரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா துணியைப் பிழிந்துகொண்டே, “தொடலம்மா. அது தானா நிக்குது,” என்றாள்.

“ஆமா, பேய் வந்து அமுக்குது.”

“தம்பி, நீங்களாவது சொல்லுங்களேன்,” என்றாள் அக்கா. “தானா நிக்குமா, நிக்காதா?”

எடுபிடியாகச் சுவர் கொத்திய காலத்தில், மேஸ்திரி உடைத்த குழாய்க்கு அவன் கன்னத்தில் அறை வாங்கியிருக்கிறான். இன்றைக்கு அந்த மேஸ்திரியின் இடத்தில் அவன். தன் போனிலிருந்து பெட்டியை நீக்க இரண்டு தட்டு போதும். சிக்னல் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். கேட்க நாதியில்லை. போனை எடுத்தான். ஒன்பது ஐம்பத்தெட்டு. விரல் பெட்டியின் பெயர் மேல் நின்றது. வாய் திறந்தால் தன் வேலை போகும். திறக்காவிட்டால் அக்காவின் வேலை.

போனைத் திரும்பப் பையில் போட்டான்.

“மேடம், ரெண்டு நிமிஷம் இங்கயே நில்லுங்க. அக்கா, நீங்க அவர் முதுகைத் துடைங்க.”

“எதுக்குப்பா?”

அக்கா கிழவரைப் புரட்டிப் பிடித்தாள். இரண்டு கையும் அவர் முதுகில்.

‘பீப்’ என்றது ஏசி. மடல் மெல்லக் கீழிறங்கி மூடிக்கொண்டது.

வீட்டுக்கார அம்மா அக்காவின் கைகளைப் பார்த்தாள். பிறகு ஏசியை. அதே நொடியில் மெக்கானிக்கின் சட்டைப்பையில் போன் அதிர்ந்து, துணி வழியே வெளிச்சம் அடித்தது. திரும்ப முடியாத கழுத்தோடு, கிழவரின் கண்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.