மாமனாரின் சவரக்கத்தி

கதவைத் தாழிட்டுவிட்டு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தபோது மணி பத்து. கணவன் தன் அண்ணனை அழைத்துவர ரயில் நிலையம் போயிருந்தான். பன்னிரண்டுக்குள் வந்துவிடுவார்கள். அவள் மடியில் மாமனாரின் சவரக்கத்தி துருவேறிக் கிடந்தது.

மாமனார் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். அவர் போனபின் கடை அண்ணனுக்கு, கத்தி தம்பிக்கு என்றானது. ஆறு மாதத்துக்கு முன் குழாயில் இறுகிய உப்புக்கறையைச் சுரண்ட அவசரத்துக்கு அதை எடுத்தவள், ஈரத்தோடு குளியலறை ஜன்னலிலேயே மறந்துவிட்டாள். நேற்று, இங்கே ஆபரேஷன் செய்துகொள்ள வரவிருந்த அண்ணன் போனில், "ஆபரேஷனுக்கு முன்னாடி அப்பா கத்தியால ஒரு தடவை நீ சவரம் பண்ணிவிடணும்டா" என்றார். கத்தி பெட்டியில் பத்திரமாக இருக்கிறதென்று நினைத்துக் கணவனும் தலையாட்டிவிட்டான்.

எண்ணெய் தடவி, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தாள். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பதினொன்றரைக்கு அதில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. துடைக்கும்போது துணியின் நூலொன்று விளிம்பில் மாட்டியது. துரு தின்ற இடத்தில் மயிரிழை அளவுக்குப் பொக்கை. அதற்குள் கதவு தட்டப்பட்டது.

"பளபளன்னு வச்சிருக்கியேடா" என்று அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். தம்பி பூரித்துப்போய் சோப்பு நுரை பூசினான். அவள் கதவோரத்தில் நின்றாள். கத்தி கழுத்தருகே போனது.

"வேணாங்க, நிறுத்துங்க. அதுல பொக்கை இருக்கு. நான்தான் குழாயைச் சுரண்டிட்டுத் துருப்பிடிக்க விட்டுட்டேன்."

கணவன் முகம் கறுத்தது. அண்ணன் கத்தியை வாங்கி நகத்தில் மெல்ல ஓட்டினார். ஓரிடத்தில் நின்றது.

"எவ்வளவு நேரம்மா தேச்ச?"

"ஒன்றரை மணி நேரம், மாமா."

"மினுக்கல்ல குறையில்ல. இப்படியே இழுத்திருந்தா டாக்டருக்கு வேலை மிச்சம்." அவர் மட்டும் சிரித்தார். "டேய், என் பையில சாணைக்கல் இருக்கு, எடு."

நுரை காயக் காய, பொக்கை மறையும்வரை அவரே தீட்டினார். பிறகு தம்பி சவரம் செய்தான். கடைசி இழுப்பு முடியும்வரை அவள் கதவோரத்திலிருந்து நகரவில்லை.

அன்று முழுக்கக் கணவன் அவளோடு பேசவில்லை. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், அண்ணனை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோன பிறகுதான் வந்து அவளருகே உட்கார்ந்தான்.

"நீ சொல்லலேன்னா அந்தக் கழுத்துலதான் கத்தி வச்சிருப்பேன்" என்றான். சில்லிட்டிருந்த அவன் கையை அவள் பற்றிக்கொண்டாள்.

நல்லபடியாக முடிந்ததென்று டாக்டர் வந்து சொல்ல மூன்று மணி நேரமானது. அதுவரை அவள் அந்தக் கையை விடவில்லை.