ஹெனானுக்குப் புளிசோறு

தமிழ்செல்வி சீனாவுக்குப் போகப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து கவரைப்பேட்டையில் சீனாவைப் பற்றி அதிகம் பேசியது அவள் புருஷன் அன்புசெல்வன்தான். அவளுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கம்பெனியில் வேலை. புது மெஷின் சீனாவிலிருந்து வருகிறது. அதை ஓட்டிப் பழக அவளையும், கூட வேலை செய்யும் ஹெலனையும், சூப்பர்வைசர் மோகன்ராஜையும் ஹெனான் மாகாணத்துக்கு அனுப்புகிறார்கள். ஆளுக்கொரு ஓட்டல் அறை. நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்குக் கார் தருகிறோம், எங்கெங்கே போகலாம் என்று நீங்களே முடிவு செய்து சொல்லுங்கள் என்று அந்த ஊர்க் கம்பெனி கேட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தமிழ்செல்வி என்றைக்கோ முடிவு செய்துவிட்டாள். தூங்கப்போகிறாள். கல்யாணமானதிலிருந்து ஒரு நாள்கூட அவள் விடிந்தபிறகு எழுந்ததில்லை. வேலை நாளில் ரயிலைப் பிடிக்க எழவேண்டும், ஞாயிறானால் புருஷனின் டூருக்காக எழவேண்டும். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், உள்ளே தாழ்ப்பாள், கதவைத் தட்ட ஒருவரும் இல்லை. சொல்லத்தான் வெட்கம். சீனாவுக்குப் போய்த் தூங்கிவிட்டு வந்தாளாம் என்று தெருவே சிரிக்கும்.

அன்புசெல்வன் வேன் வைத்திருக்கிறான். ஒரே நாளில் ஒன்பது கோயில் என்பது அவன் வியாபாரம். சாமியை நிதானமாகக் கும்பிட விட்டால் ஒன்பது கோயில் ஆறாகிவிடும் என்பதால், கும்பிடும்போதே ஹாரன் அடிக்கிறவன். எந்தக் கோயிலில் எந்தச் சாமியைப் பார்த்தோம் என்று வீடு திரும்பும்போது சனங்களுக்குக் குழம்பிப்போயிருக்கும். வழியில் சாப்பிட்ட புளிசோறு மட்டும் ஒருவருக்கும் மறக்காது. அந்தப் புளிசோற்றைக் கிளறிப் பொட்டலம் கட்டுகிறவள் தமிழ்செல்வி. இப்பேர்ப்பட்டவன் கையில் ஒரு மாகாணமே கிடைத்தால் விடுவானா?

சனிக்கிழமை சாயங்காலம் ஹெலனையும் வரவழைத்து, போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் அம்மா பூவம்மாளும் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டாள்.

"காத்தால மொதல்ல ஷாவோலின் கோயிலு. குங்ஃபூ அங்கதான். போதிதர்மரு நம்ம காஞ்சிபுரத்துக்காரருன்னு சொல்லிக்கிறாங்க. அவரு ஊரு பக்கத்து ஆளுங்கன்னு சொன்னா க்யூவுல நிக்க வெக்காம உள்ள வுட்டுருவாங்க."

"இன்னா பாஷையில சொல்றது?" என்றாள் தமிழ்செல்வி.

அன்புசெல்வன் அதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விட்டான். வேனிலும் அவன் அப்படித்தான்.

"அப்பால லோங்மென். மலையக் கொடஞ்சி ஆயிரக்கணக்குல புத்தரு வெச்சிக்கிறாங்க. எல்லாத்தையும் பாத்துக்கினு இருந்தா வேலைக்கு ஆவாது. பெருசா கீறவர மட்டும் பாத்துட்டு வண்டியில ஏறிடணும். அங்கேர்ந்து வெள்ளக்குதிரக் கோயிலு. திரும்பசொல்ல மஞ்ச ஆறு. அதுக்கு எறங்கவே வாணாம், பாலத்து மேல போவசொல்ல ஜன்னல் வழியா கும்புட்டுக்கலாம்."

"ஆத்துல ஒரு பாட்டில் தண்ணி புட்சிக்கினு வரட்டும் நைனா," என்றாள் பூவம்மாள். "ஊட்டுல தெளிக்கலாம். அந்தப் பெரிய புத்தர எனக்கு வீடியோவுல காட்டணும், சொல்லிட்டேன்."

ஒவ்வொரு ஊராகச் சேரச் சேர, தமிழ்செல்வியின் தூக்கம் தேய்ந்துகொண்டே வந்தது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஆசையாகத்தானே செய்கிறான், கடைசி நேரத்தில் தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தாள். அப்போதுதான் ஹெலன், பாவம், ஒன்றும் தெரியாமல் வாயைத் திறந்தாள்.

"மதியம் சாப்பாடு எங்கண்ணா?"

"ஓட்டல்ல குந்திக்கினா ஒரு கோயிலு போச்சும்மா. தமிழு ரைஸ் குக்கர எடுத்துக்கினு போவுது. மூணு மணிக்கு எழுந்திரிச்சா உங்க எல்லாருக்கும் புளிசோறு கட்டிடலாம். நாஷ்டாவுக்கும் அதே. டிரைவருக்கும் ஒரு பொட்டலம் சேத்துக் கட்டிடு தமிழு, சீனாக்காரன் சொக்கிப்போயிடுவான்."

ஹெனான் மாகாணத்திலும் விடிகாலை மூணு மணி உண்டு, அங்கேயும் அது தனக்குத்தான் எழுதி வைத்திருக்கிறது என்று அப்போதுதான் தமிழ்செல்விக்கு உறைத்தது. அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தன் போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படியே மோகன்ராஜுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள்.

"சார், ஞாயித்துக்கெழம கார்ல எனக்கு எடம் வாணாம். நீங்களும் ஹெலனும் போய்ட்டு வாங்க."

அன்புசெல்வன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீது."

"அப்ப அன்னிக்கு முழுக்க இன்னா பண்ணப்போற?"

"தூங்கப்போறேன்."

"பேஜாரா கீதே. பிளேன் ஏறிப் போயா தூங்குவாங்க? தூக்கத்த இங்கயே தூங்க வேண்டியதுதான."

"இங்க எப்ப வுட்டீங்க?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஹெலன் தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். அன்புசெல்வன் ஆதரவுக்கு அம்மாவைப் பார்த்தான்.

தமிழ்செல்வி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன், அன்புவின் அப்பா இதே வேனை ஓட்டிய காலத்தில், மூணு மணிக்கு எழுந்து புளிசோறு கட்டியவள் பூவம்மாள். அவள் மகன் பக்கம் திரும்பவே இல்லை. மருமகள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா தமிழு," என்றாள் மெதுவாக, "அந்த ரூம்புல கட்டிலு ஒண்ணா, ரெண்டா?"