ஆணியில் தொங்கிய பழைய சாவி

"இது தெளிவா இருக்கா? இப்ப இது?"

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து இதையே கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு வேலை. "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொல்லும் ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு விமோசனமே கிடையாது. நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு அருகிலேயே இருந்து அலுத்துப்போன அவள் கண்கள், கடையை மூடும் நேரத்தில் எங்காவது தூரமாகப் போய் உட்கார இடம் தேடும்.

அந்த இடம் கடல். கோடைக் கடல் அல்ல. அப்போது அங்கே குடையும் பாட்டும் கூச்சலுமாகச் சந்தைக்கடை தோற்றுவிடும். கூட்டமெல்லாம் மூட்டை கட்டிப் போன பிறகு, குளிர்காலத்தில் தன்பாட்டுக்குக் கிடக்கும் கடல்தான் அவளுக்குப் பிடிக்கும். ஓராள் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் கயாக் என்கிற ஒல்லிப் படகில் அவள் தனியாகக் கிளம்பிவிடுவாள். "பைத்தியத்துக்கும் ஒரு சீசன் இருக்குன்னு உன்னைப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்பார் ரொட்டிக்கடை வைத்திருக்கும் அவள் கணவர். ஆனால் அவளுடைய ஈரக் கையுறைகளை எடுத்துப் போய் ரொட்டி அடுப்பின் பக்கத்தில் காயவைப்பவரும் அவர்தான்.

கரையோரப் படகுக் கொட்டகையில் ஒரே ஒரு கட்டுப்பாடு. கடலில் இறங்குகிறவர் தன் வீட்டுச் சாவியைச் சுவரில் இருக்கும் பலகையில் தன் ஆணியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். திரும்பி வந்தவர் அதை எடுக்க மறக்கவே முடியாது. மறந்தால் வீட்டு வாசலில்தான் நிற்கவேண்டும். மாலையில் கொட்டகைக்காரர் பூட்ட வரும்போது ஒரு சாவி தொங்கினால் ஒரு ஆள் இன்னும் வெளியே என்று அர்த்தம். மறுபேச்சில்லாமல் மோட்டார் படகை எடுத்துவிடுவார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் குளிரில் விறைத்த விரலால் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றுவதற்குள் நகம் பெயர்ந்துவிடும். ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. முன்பு குடியிருந்த வீட்டின் சாவி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து ஆணியில் நிரந்தரமாக மாட்டிவிட்டாள். விதிக்கு விதியும் ஆயிற்று, வேலையும் மிச்சம். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அன்று மாலையே கொட்டகைக்காரர் பதறிப்போய் போன் செய்தார். "வீட்லதான்பா இருக்கேன், மறந்துட்டேன்" என்று சிரித்தாள். மறுமுறையும் அதே போன், அதே சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் போன் செய்வதை விட்டுவிட்டார். அவளைப் பார்த்து இன்னும் சிலரும் உடைந்த பூட்டுச் சாவி, அலமாரிச் சாவி என்று கொண்டுவந்து மாட்டினார்கள். பலகை நிறையச் சாவிகள் தொங்கின.

கடை அரைநாள் விடுமுறையாக இருந்த ஒரு பிற்பகலில் அவள் கடலில் இறங்கினாள். வெயில் இதமாக இருந்ததால் தடித்த ரப்பர் உடையைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, கம்பளிச் சட்டைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மட்டும் மாட்டிக்கொண்டாள். தொல்லை வேண்டாமென்று போனையும் அங்கேயே வைத்துவிட்டாள். கடல் இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது. துடுப்பு நீரைத் தொடும் சத்தமும் சொட்டும் சத்தமும் மட்டும்தான். வானமும் நீரும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துபோய், எது மேலே எது கீழே என்ற எண்ணமே மெல்லக் கழன்று விழுந்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் மிதந்தாள். யாரும் அவளிடம் எதுவும் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தாள், அவ்வளவுதான்.

முதுகில் ஒரு காற்று தடவிக்கொண்டே இருந்தது. அது கரையிலிருந்து வரும் காற்று. ஆளைத் தாலாட்டிக்கொண்டே வெளியே கொண்டுபோய் விடும். அவள் திரும்பிப் பார்த்தபோது கொட்டகை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவசரமாகப் படகைத் திருப்பினாள். பக்கவாட்டில் ஒரு அலை வந்து தட்டியது. அடுத்த கணம் அவள் தண்ணீரில் இருந்தாள்.

காற்றில் இருந்த இதம் தண்ணீரில் துளியும் இல்லை. மூச்சே அடைத்துக்கொண்டது. கவிழ்ந்த படகை இரு கையாலும் பற்றிக்கொண்டாள். ஏற முயன்றாள், விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. துடுப்பு போன இடம் தெரியவில்லை. 'சாயங்காலம் சாவியைப் பார்த்தால் தேடி வருவார்கள்' என்று நினைத்தாள். எந்தச் சாவியை? அது நேற்றும் தொங்கியது, போன மாதமும் தொங்கியது. அதைப் பார்த்து யார் பதறப்போகிறார்கள்?

கொஞ்சநேரத்தில் குளிர் வலிப்பது நின்றுவிட்டது. வெளிச்சம் பொன்னாகி, பிறகு ஊதாவாகி மங்கியது. எங்கிருந்தோ ரொட்டி வேகும் வாசனை வந்தது. கடலில் ஏது ரொட்டி? அடுப்போரம் கையுறைகள் வரிசையாகக் காய்வது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. மூடக்கூடாது என்று மட்டும் எங்கோ ஒரு மூலையில் தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் படுத்துவிடும் கணவர் இந்நேரம் தூங்கியிருப்பார் என்று நினைத்து அழுதாள்.

மோட்டார் சத்தத்தையும் அவள் கனவென்றே நினைத்தாள், அவள் சட்டையை ஒரு கை பிடித்து இழுக்கும் வரை. அந்தக் கையில் மாவு வாசனை அடித்தது.

கொட்டகையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கணவர் அவள் விரல்களைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கொட்டகைக்காரர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"என் சாவி கடையில ஏப்ரனோட சலவைக்குப் போயிடுச்சு" என்றார் கணவர். "வீடு பூட்டி இருட்டா கிடந்துச்சு. சரி, உன் சாவிய வாங்கலாம்னு இங்க வந்தேன்."

"நான் பூட்டிட்டே இருந்தேன்கா. அண்ணன் வந்து, 'சாவி தொங்குதே, அவ இன்னும் வரலையா'ன்னு கேட்டாரு. 'அது எப்பவும் தொங்கும்ணே, அக்கா வீட்டுக்குப் போயிருப்பாங்க'ன்னு நான் பாட்டுக்குச் சொல்றேன்" என்றார் கொட்டகைக்காரர்.

"கையில எடுத்துப் பாத்தேன். பழைய வீட்டுச் சாவி. வீட்லயும் நீ இல்ல, உடனே படக எடுக்கச் சொன்னேன்." கணவர் அவள் விரல்களை இன்னும் இறுக்கிக்கொண்டார். "என் சாவி மட்டும் பையில இருந்திருந்தா, நான் உள்ள போய்ப் படுத்துத் தூங்கியிருப்பேன். காலையில மூணு மணிக்கு மாவு பிசைய எந்திரிக்கும்போதுதான் நீ இல்லைன்னு தெரிஞ்சிருக்கும்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை.

அடுத்த வாரம் அவள் மறுபடி கொட்டகைக்கு வந்தாள். முதல் வேலையாகப் பலகையில் சும்மா தொங்கிய சாவிகளை எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட்டாள். கயாக்கை இறக்கிக்கொண்டிருந்த வங்கி மேலாளர் முகம் சுளித்தார்.

"என்னங்க இது, அது என் அலமாரிச் சாவி. ஒரு ஃபார்மாலிட்டிக்குத்தானே மாட்டறோம்? இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"இத ஆரம்பிச்சு வச்சவளே நான்தான் சார்" என்றாள் அவள். "விதியத்தான் ஏமாத்துறோம்னு நெனச்சேன். ஆனா ஏமாந்தது அது இல்ல. நம்மளத் தேடி வரப்போறவங்கதான். அவங்கள ஏமாத்திட்டா, அப்புறம் கடல்ல கிடந்து எவ்வளவு கத்தினாலும் வர ஆள் இருக்காது."

மேலாளர் கயாக்கைக் கீழே வைத்தார். டப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு பையைத் திறந்து, வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றத் தொடங்கினார். அதற்கு அவருக்கும் நேரம் பிடித்தது.

அவள் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு, தன் சாவியை ஆணியில் தொங்கவிட்டாள். வாசலில் அவள் கணவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வீட்டுக்குப் போகலையா?"

"என் சாவிய வீட்டுக்குள்ளயே வச்சுட்டு வந்துட்டேன்" என்றார் அவர். "இன்னைக்கு நீ வந்தாதான் கதவு திறக்கும். பாத்துப் போயிட்டு வா."